பூனையின் வாயில் குடியிருக்கும் கிருமிகள்

நாய் கடித்தால் வைத்தியசாலைக்கு ஓடுகிறோம். பூனை கடித்தால் பெரும்பாலோர் ஓடுவதில்லை. ஊசிமுனை அளவான இரண்டு புள்ளிகள். அவற்றில் ஒரு துளி இரத்தம். சற்று நேரத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. துணியால் துடைத்து, மஞ்சளையோ சுண்ணாம்பையோ அப்பிக்கொண்டு, அவரவர் தம் வேலையைப் பார்க்கச் சென்றுவிடுகின்றனர். காயத்தின் வாய் சிறியது என்பதனால் காயமே சிறியது என்று எண்ணிவிடுவது மனித இயல்பு. பூனைக் கடியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஒரு விரலின் மூட்டையே முடக்கிவிடக் கூடும்.

இதற்குக் காரணம் பூனையின் பல்லில் நஞ்சு இருப்பதன்று. பூனைக்கு நஞ்சு இல்லை. அதன் வாயில் எந்நாளும் குடியிருந்து வரும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களே காரணம். அவை எவை, பூனைக்குத் தீங்கிழைக்காத அவை மனிதனுக்குத் தீங்கிழைப்பது எவ்வாறு, அதனைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்

புணே நகரின் வடகிழக்கே லோஹேகாவ் என்னும் ஊர் உள்ளது. பக்தகவி துக்காராமின் தாய்வழி ஊர் என்று மராத்தி மக்கள் அதனைப் போற்றுவர். இன்று விமானப்படை நிலையமும் புணே விமான நிலையமும் அங்கேதான் உள்ளன. 2017-ஆம் ஆண்டில் அவ்வூரின் எஞ்சிய பகுதியும் புணே மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. ஒருபுறம் பழைய ஊரின் வீடுகள். மறுபுறம் அடுக்கு மாளிகைகள். கிராமமும் நகரமும் இவ்வாறு ஒன்றோடொன்று கலக்கும் எல்லைப்புறங்களில் தானியமும் குப்பையும் சேரும் இடமெல்லாம் எலி வரும். எலி உள்ள இடத்திற்குப் பூனையும் தானே வந்து சேரும். மதுரையின் புறநகரிலும், கோயம்புத்தூரின் புறநகரிலும் நாம் காண்பது இதே காட்சிதான்.

லோஹேகாவை நாம் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பூனையின் வாயிலுள்ள கிருமிகளுள் தலையாயதன் சரித்திரமும், இந்தியாவில் கிருமி ஆராய்ச்சி தொடங்கிய சரித்திரமும் புணே நகரை ஒட்டியே செல்கின்றன. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அவ்வூர்ப் பள்ளிச் சிறுமி ஒருத்தி, மாலை ஐந்து மணிக்குத் தெருவில் திரியும் பூனையொன்றைத் தூக்க முயல்கிறாள் எனக் கொள்வோம். பூனை அஞ்சி அவளுடைய ஆள்காட்டி விரலின் நடு மூட்டருகே கடித்துவிட்டு ஓடுகிறது. வீட்டில் சொன்னால் திட்டுவார்கள் என்று அவள் சொல்லாமல் இருந்துவிடுகிறாள். அவ்விரலினுள் அன்றிரவு நடைபெறுவது யாது?

வாய் என்னும் உலகம்

அதனை அறியுமுன், பூனையின் வாயைச் சற்று உற்று நோக்குவோம். உயிருள்ள எந்தப் பிராணியின் வாயும் கிருமியற்றதாக இருப்பதில்லை. 1683-ஆம் ஆண்டில் டச்சு நாட்டு லீவன்ஹூக் என்பார், தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெண்ணிறப் பொருளைத் தாமே கடைந்த ஆடியின் வழியே நோக்கி, அதனுள் எண்ணற்ற சிற்றுயிர்கள் ஓடியாடுவதைக் கண்டு எழுதி வைத்தார். பாக்டீரியாக்களை மனிதன் கண்டதைக் கூறும் முதற் குறிப்புகளுள் அதுவும் ஒன்று.

வாய் அவற்றிற்கு மிகவும் ஏற்ற இடம். வெப்பம் மாறாது, பூனையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். ஈரம் வற்றாது. உணவு நாள்தோறும் வந்து சேரும். பல்லின் மேற்பரப்பிலே உமிழ்நீரின் புரதங்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அப்படலத்தில் முதலில் சில வகைக் கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின்மேல் வேறு சில வகைகள் ஒட்டுகின்றன. ஈறுக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள இடுக்கில் காற்று எட்டாது. எனவே பிராணவாயுவை விரும்பாத கிருமிகள் அங்கே செழிக்கின்றன. வெளிப்புறத்திலோ பிராணவாயு இருப்பினும் இல்லாவிடினும் வாழத்தக்கவை தங்குகின்றன. ஆகவே ஒரே பல்லின் மேல்மாடியிலும் அடிமாடியிலும் வெவ்வேறு குடிகள் வாழ்கின்றன எனலாம்.

கிருமிகளை வளர்த்துப் பார்க்காமலே அவற்றின் மரபுப் பொருளைப் படித்து இனம் காணும் முறை இப்போது வந்துவிட்டது. அம்முறையால் ஆராய்ந்தபோது, நலமான வீட்டுப் பூனைகளின் வாயில் நூற்றுக்கு மேற்பட்ட பாக்டீரியா வகைகள் இருப்பது தெரியவந்துள்ளது. மனித வாயிலுள்ள கூட்டத்தினின்றும் இக்கூட்டம் பெரிதும் வேறுபட்டது. நாயின் வாயிலுள்ள கூட்டத்தோடே இதற்கு உறவு மிகுதி. பூனை மாமிசம் உண்பது. சர்க்கரையும் மாவும் அதன் இயற்கை உணவன்று. அதன் உமிழ்நீரும் நம் உமிழ்நீரைக் காட்டிலும் காரத்தன்மை மிக்கது. ஆதலின் சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பல்லை அரிக்கும் கிருமிகள் அங்கே தலையெடுப்பதில்லை. பூனைக்குச் சொத்தைப்பல் அரிது. ஆனால் பற்காரை எளிதில் படியும். ஈறு நோயும் அடிக்கடி வரும்.

இதனால் பூனையின் வாய் அழுக்கானது, நம்முடையது தூயது என்று கொள்ளலாகாது. மனிதன் மனிதனைக் கடித்த காயமும் மிகுந்த அபாயமுடையதே. ஒவ்வொரு வாயும் தனக்குரிய கிருமிகளோடு சமாதானமாக வாழ்கிறது. அச்சமாதானம் குலைவது, ஒரு வாயின் கிருமி மற்றோர் உடலின் ஆழத்திற் புகும்போதுதான்.

பாஸ்டுரெல்லாவும் புணேயும்

பூனையின் வாயிலுள்ள நூற்றுக்கணக்கான வகைகளுள் நாம் பெயர் அறிந்து வைத்திருக்க வேண்டியது ஒன்று: பாஸ்டுரெல்லா மல்டோசிடா. முட்டை வடிவத்திற்கும் குச்சி வடிவத்திற்கும் இடைப்பட்ட மிகச் சிறிய உயிர். நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு. சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் நோக்கினால் இரு முனைகளும் கருமையாகவும் நடுப்பகுதி வெளிறியும் தோன்றும். ஆராய்ந்த பூனைகளுள் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு வரை இதனை வாயில் தாங்கியிருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். பூனைக்கு இதனால் பெரும்பாலும் துன்பமில்லை.

இதன் பெயரில் லூயி பாஸ்டரின் பெயர் இருப்பது தற்செயலன்று. 1879, 1880-ஆம் ஆண்டுகளில் அவர் ஆராய்ந்த கோழிக் காலரா என்னும் நோய்க்குக் காரணம் இக்கிருமியே. பலகாலம் வைத்திருந்த கிருமி வளர்ப்பு கோழிகளைக் கொல்லும் ஆற்றலை இழந்துவிட்டதையும், ஆயினும் அதனைப் பெற்ற கோழிகள் பின்னர் வலிய கிருமியையும் தாங்கிக்கொண்டதையும் அவர் கண்டார். ஆய்வுக்கூடத்தில் கிருமியின் வலுவைக் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கும் முறை இவ்வாறு பிறந்தது. 1887-இல் இத்தாலிய அறிஞர் திரெவிசான் இக்குலத்திற்குப் பாஸ்டரின் பெயரைச் சூட்டினார். மல்டோசிடா என்பதற்குப் பலவற்றைக் கொல்வது என்பது பொருள்.

அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1889-ஆம் ஆண்டு டிசம்பரில், கால்நடை நோய்களை ஆராய்வதற்கென இம்பீரியல் பாக்டீரியாலஜி ஆய்வுக்கூடம் புணேயிலிருந்த விஞ்ஞானக் கல்லூரியில் நிறுவப்பட்டது. ஆல்ஃபிரட் லிங்கார்டு என்பார் அதன் தலைமையை ஏற்றார். கொடிய கிருமிகளைக் கையாள்வதற்கு மக்கள் நெருக்கமற்ற குளிர்ந்த இடமே ஏற்றது எனக் கருதி, 1893-இல் அதனைக் குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றினர். இன்று இஜத்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் புணே விதையில் முளைத்த மரமேயாகும்.

நம் கிராம ஊழியர்களுக்குப் பாஸ்டுரெல்லா புதிய பகைவன் அன்று. வேறொரு பெயரில் அவர்கள் அதனை நன்கு அறிவார்கள். மழைக்காலத்தில் எருமைகளையும் மாடுகளையும் கழுத்து வீங்கி, மூச்சுத் திணறி, ஓரிரு நாட்களில் வீழ்த்தும் தொண்டை அடைப்பான் நோய் இதே இனக் கிருமியால் விளைவது. மகாராஷ்டிரத்தில் இதனைக் கட்சர்ப் என்பர். பருவமழைக்கு முன்னர்த் தடுப்பூசி போடுவது இதன் பொருட்டே.

அவ்வாறாயின் தொழுவத்திற் படுக்கும் பூனையால் எருமைக்கு இந்நோய் வருமோ என்று கேட்கலாம். அவ்வாறு அஞ்ச வேண்டுவதில்லை. இவ்வினத்துக் கிருமிகள் தம்மேல் அணிந்துள்ள உறையைக் கொண்டு ஏ, பி, டி, இ, எஃப் எனப் பிரிக்கப்படுகின்றன. ஆசியாவில் தொண்டை அடைப்பானை உண்டாக்குவது பி வகை. அவ்வகையைத் தொண்டைச் சதையில் தாங்கி நின்று பரப்புவன மாடும் எருமையுமே. பூனையின் வாயில் பொதுவாகக் குடியிருப்பவை வேறு வகைகள். ஒரே குலம், ஆயினும் வெவ்வேறு வீட்டார்.

பல் ஊசியாகும் விதம்

இனி அச்சிறுமியின் விரலுக்குத் திரும்புவோம். வளர்ந்த பூனைக்குப் பற்கள் முப்பது. அவற்றுள் நான்கு கோரைப்பற்கள் நீண்டு, மெலிந்து, கூர்மையாக உள்ளன. எலியின் கழுத்தெலும்புகளுக்கிடையே புகுந்து அதனை நொடியில் வீழ்த்துவதற்கென அமைந்தவை அவை. நாயின் பல்லோ தடித்தது. அது தோலைக் கிழிக்கும், சதையை நசுக்கும். கிழிந்த காயம் பார்ப்பதற்குக் கொடியது. எனினும் அது திறந்திருப்பதால் கழுவுவதற்கு எளிது, இரத்தமும் வழிந்து ஓரளவு அழுக்கை வெளியேற்றும். பூனையின் பல் மருத்துவரின் ஊசியைப் போல நேரே உள்ளே சென்று, நுனியிலுள்ள உமிழ்நீரை ஆழத்தில் வைத்துவிட்டுத் திரும்புகிறது. பல் வெளிவந்ததும் மீள்திறனுள்ள தோல் மூடிக்கொள்கிறது. கிருமி உள்ளே அடைபட்டுவிடுகிறது.

கடிபடுவது பெரும்பாலும் கை. கையின் அமைப்பு இங்கே நமக்குப் பகையாகிறது. விரலில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே சதை மிகக் குறைவு. விரலை மடக்கும் தசைநாண் ஒவ்வொன்றும் ஓர் உறையினுள் வழுக்கிச் செல்கிறது. அவ்வுறைக்குள்ளும் மூட்டுப் பையினுள்ளும் வழவழப்பான நீர் உண்டு. ஆனால் இரத்த ஓட்டம் மிகக் குறைவு. இரத்தம் குறைந்த இடத்திற்கு உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் விரைந்து செல்ல முடிவதில்லை. அங்கே கிருமி புகுந்துவிட்டால் குழாயில் ஓடும் நீர்போல் உறையின் வழியே விரல் முழுவதும் பரவுகிறது.

கிருமியின் பெருக்கத்தை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு கிருமி அரைமணி நேரத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரிவதாகக் கொண்டால், பன்னிரண்டு மணி நேரத்தில் இருபத்துநான்கு முறை இரட்டிக்கும். ஒன்று, இரண்டு, நான்கு என்று பெருக்கிச் சென்றால் இறுதியில் வரும் எண் 1,67,77,216. உடலின் எதிர்ப்பால் உண்மையில் இத்தனை பெருகுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் நேரத்தின் அருமையை இக்கணக்கு நன்கு காட்டும்.

மாலை ஐந்து மணிக்குக் கடிபட்ட சிறுமி, இரவில் விரல் தெறிப்பதாக உணர்கிறாள். விடியுமுன் மூட்டுச் சிவந்து வீங்குகிறது. பாஸ்டுரெல்லா புகுந்த காயத்தின் சிறப்படையாளமே இவ்விரைவுதான். மற்றக் காயங்கள் சீழ்ப்பிடிக்க இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். இதுவோ பெரும்பாலும் ஒரே நாளுக்குள் தன்னை வெளிப்படுத்திவிடும்.

ஆராய்ச்சிகள் கூறுவன

பூனை கடித்த மனிதரின் காயத்தில் பாஸ்டுரெல்லாவைக் கண்டதைக் காபெல், ஹோம் என்னும் இருவர் 1930-இல் அறிவித்தனர். பின்னர் இத்தகைய செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சீழ்ப்பிடித்த 50 நாய்க் கடிகளும் 57 பூனைக் கடிகளும் ஆராயப்பட்டன. பூனைக் கடிகளில் நூற்றுக்கு எழுபத்தைந்தில் பாஸ்டுரெல்லா குலத்துக் கிருமிகள் காணப்பட்டன. நாய்க் கடிகளில் நூற்றுக்கு ஐம்பதில் காணப்பட்டன. அவற்றோடு ஸ்டிரெப்டோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ், மொராக்செல்லா முதலியனவும், பிராணவாயுவை வேண்டாத ஃபியூஸோபாக்டீரியம், பாக்டீராய்டிஸ், போர்ஃபைரோமோனாஸ் முதலியனவும் கலந்திருந்தன. பல்லின் இடுக்கில் அடுத்தடுத்து வாழ்ந்த கூட்டம் அப்படியே காயத்தில் வந்து குடியேறியது என்பது இதனால் விளங்குகிறது.

கடிபட்டோரில் எத்தனை பேருக்குக் காயம் சீழ்ப்பிடிக்கிறது? மருத்துவரிடம் வந்த பூனைக் கடிகளில் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை எனப் பல ஆராய்ச்சிகள் கூறும். நாய்க் கடியில் இது மிகக் குறைவு. 2014-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் கையில் பூனை கடித்த 193 பேரின் விவரங்களை வெளியிட்டனர். அவர்களுள் 57 பேர் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தது. 38 பேருக்குக் காயத்தைத் திறந்து கழுவிச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. மணிக்கட்டிலோ மூட்டிலோ கடிபட்டவர்களுக்கே அபாயம் மிகுதியாக இருந்தது. இவர்கள் மருத்துவரிடம் வந்தோர் மட்டுமே. வீட்டிலேயே ஆறிப்போன சிறு கடிகள் இக்கணக்கில் சேரா. அவ்வாறு கழித்துப் பார்த்தாலும், விரல் மூட்டில் பட்ட கடியைப் புறக்கணிக்கலாகாது என்பது தெளிவு.

விரலின் தசைநாண் உறையில் சீழ்ப்பிடித்திருப்பதைக் காட்டும் அடையாளங்கள் நான்கு. விரல் சற்று மடங்கிய நிலையிலேயே இருக்கும். விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கியிருக்கும். உறையின் வழியே தொட்ட இடமெல்லாம் வலிக்கும். விரலைப் பிறர் நிமிர்த்த முயன்றால் பெருவலி உண்டாகும். இவற்றைக் கண்ட கிராம ஊழியர் மாத்திரை கொடுத்துக் காத்திருத்தல் ஆகாது. அன்றே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

மருந்து ஒன்றே, ஆனால் எது?

பாஸ்டுரெல்லா பெரும்பாலும் பெனிசிலினுக்கு அடங்கும் கிருமி. எனினும் காயத்தில் அது தனித்திருப்பதில்லை. பெனிசிலினைச் சிதைக்கும் வேறு கிருமிகளும் உடனிருக்கும். ஆகையால் அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்தை மருத்துவர்கள் பொதுவாக முதலில் கருதுகின்றனர். தோலில் உண்டாகும் சாதாரணப் புண்களுக்கு வழக்கமாக அளிக்கப்படும் செபலெக்சின், எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் ஆகியவை இக்கிருமியிடம் போதிய பயன் தருவதில்லை. சென்ற ஆண்டு கட்டிக்கு வாங்கிய மாத்திரை மீதமிருக்கிறது என்று அதனை விழுங்குவோர் இதனைக் கவனிக்க வேண்டும். மருந்து உண்டோம் என்ற நிம்மதி உண்டாகும். கிருமியோ தன் வேலையைத் தொடரும். பெனிசிலின் ஒவ்வாதவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறிவிட வேண்டும். எம்மருந்து, எத்தனை நாள் என்பதை அவரே தீர்மானிப்பார். ஆழமாகக் குத்திய பூனைக் கடியை, குறிப்பாகக் கையில் பட்டதை, வழக்கமாகத் தைத்து மூடுவதில்லை. மூடினால் கிருமிக்குச் சிறந்த அறை அமைத்துத் தந்ததாகும்.

வெறிநோயை மறத்தலாகாது

இதுவரை பாக்டீரியாவைப் பற்றிக் கூறினோம். நம் நாட்டில் பூனைக் கடியில் மற்றோர் அபாயமும் உண்டு. அது வெறிநோய். அதற்குக் காரணம் பாக்டீரியா அன்று, வைரஸ். அது பூனையின் வாயில் நிலையாகக் குடியிருப்பதும் அன்று. வெறிகொண்ட விலங்கு கடித்த பூனையின் உமிழ்நீரில் மட்டுமே வருவது. ஆயினும் நோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. 1885-இல் மனிதருக்கு இதன் தடுப்பூசியை முதலில் அளித்தவரும் பாஸ்டரே. அவர் பெயரால் 1907-இல் குன்னூரில் நிறுவப்பட்ட நிலையம் தென்னாட்டில் இத்தடுப்பு மருந்தைத் தயாரித்தளித்தது. ஆக, பூனையின் ஒரே கடியில் பாஸ்டரின் இரு ஆராய்ச்சிகளும் வந்து சந்திக்கின்றன.

பாக்டீரியாவுக்குரிய மாத்திரை வைரஸைத் தடுக்காது. வெறிநோய்த் தடுப்பூசி பாக்டீரியாவைத் தடுக்காது. இரண்டையும் தனித்தனியே கருத வேண்டும். தோலைத் துளைத்த பூனைக் கடி, இந்திய அரசின் வழிகாட்டு நெறியில் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அதற்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் தேவை. தோலினுள் போடும் முறையில் முதல் ஊசி போட்ட நாளை சுழி நாளாகக் கொண்டு, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடுகின்றனர். பூனையைப் பத்து நாள் கவனிப்பது நன்று. ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடலாகாது. தெருப்பூனை மீண்டும் கண்ணிற்படும் என்பதற்கு உறுதி ஏது? டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.

உடனே செய்ய வேண்டியவை

கடிபட்டவுடன் காயத்தைக் குழாய் நீரிலோ, ஊற்றப்படும் நீரிலோ சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைக் காட்டிலும் நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுக. பின்னர் அயோடின் கலந்த கிருமிநாசினியைத் தடவலாம். மிளகாய், மஞ்சள், சுண்ணாம்பு, உப்பு, காப்பித்தூள் இவற்றுள் எதனையும் இடலாகாது. காயத்தை இறுகக் கட்டலாகாது. வாய்வைத்து உறிஞ்சலும் ஆகாது. அன்றே, கூடுமாயின் சில மணி நேரத்திற்குள், ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு வைத்தியசாலையையோ அடைய வேண்டும். வீங்கியபின் பார்ப்போம் என்று காத்திருப்பதே பெரும் பிழை.

சிலர் மிகுந்த எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். நீரிழிவு நோயாளிகள், கல்லீரல் கெட்டவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்துண்போர், முதியோர், கைக்குழந்தைகள் ஆகியோரிடம் இக்கிருமி காயத்தோடு நில்லாமல் இரத்தத்திலும் கலக்கக் கூடும். இத்தகையோருக்குக் கடிதான் வேண்டுமென்பதில்லை. திறந்த புண்ணைப் பூனை நக்கினாலும் போதும். பூனையின் நாக்குக்குப் புண்ணாற்றும் குணம் உண்டு என்று நம்பி அதனை நக்கவிடுவது தீது.

நகக் கீறலும் முற்றிலும் தூயதன்று. பூனை நாள்தோறும் தன் உடலையும் பாதங்களையும் நக்குகிறது. எனவே வாயின் கிருமி நகத்திற்கும் செல்லும். அன்றியும் பார்ட்டொனெல்லா ஹென்சலே என்னும் வேறொரு பாக்டீரியா, பூனையின் இரத்தத்தில் வாழ்ந்து, தெள்ளுப்பூச்சியின் கழிவின் வழியே நகத்தை அடைந்து, கீறலில் புகுகிறது. ஓரிரு வாரங்களில் அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டி வீங்குவது அதன் அடையாளம். பூனைக் கீறல் நோய் எனப்படும் இதனைப் பிரெஞ்சு மருத்துவர் டெப்ரே 1950-இல் விவரித்தார்; இக்கிருமிக்கு இன்றுள்ள பெயர் 1990-களில் ஏற்பட்டது.

பூனையைப் பகைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. எலி தின்னும் தானியத்தையும், எலி பரப்பும் நோய்களையும் எண்ணினால், பூனை நமக்குச் செய்யும் உதவி எளிதன்று. கடியைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. உண்ணும்போதும், குட்டி ஈன்றபோதும், அஞ்சிப் பதுங்கியபோதும் பூனையைத் தொடலாகாது. கையையே விளையாட்டுப் பொருளாக்கிக் குட்டியைக் கடிக்கப் பழக்கலாகாது. சண்டையிடும் பூனைகளை வெறுங்கையால் விலக்கலாகாது. வளர்ப்புப் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட வேண்டும். வாயில் நாற்றமும், எச்சில் ஒழுகலும், உணவை வாயிலிட்டுப் பின் கீழே போடுதலும் ஈறு நோயின் அடையாளங்கள். ஆயினும் வாய் நோயுற்ற பூனையின் வாயைத் திறந்து பார்க்கும் வேலையைக் கால்நடை மருத்துவரிடமே விடுக. எச்சில் ஒழுகுதல் வெறிநோயிலும் உண்டு.

வகுப்பில் காட்டத்தக்க சோதனை

பூனையின் வாயிலிருந்தோ, மாணவர் வாயிலிருந்தோ கிருமியை எடுத்துப் பள்ளியில் வளர்க்க முற்படலாகாது. கிருமியின்றியே இப்பாடத்தை நன்கு விளக்கலாம்.

தோலுடன் கூடிய உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துக்கொள்க. சிவப்பு மையில் தோய்த்த கோணி ஊசியை அதில் ஓர் அங்குல ஆழம் குத்தி எடுக்கவும். சற்றுத் தள்ளி, தோலைக் கத்தியால் இலேசாகச் சுரண்டி, அதே மையைத் தடவவும். இப்போது வகுப்பினரைக் கேளுங்கள்: எக்காயம் பெரியது? சுரண்டிய காயமே என்பர். பின்னர் இரண்டையும் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, கிழங்கை இரு இடங்களிலும் குறுக்கே அறுத்துக் காட்டுங்கள். சுரண்டிய இடத்தில் மை பெரும்பாலும் அகன்று, மேற்பரப்பில் மட்டுமே சற்றுக் கறை இருக்கும். ஊசி சென்ற வழியிலோ அடிவரை சிவப்புக் கோடு தெரியும்.

அப்படியாயின் கழுவி என்ன பயன் என்று ஒரு மாணவன் கேட்பான், கேட்க வேண்டும். கழுவுதல் காயத்தின் வாயிலும் மேற்புறத்திலும் உள்ள உமிழ்நீரைப் போக்குகிறது. வெறிநோய் வைரஸையும் பெருமளவு குறைக்கிறது. ஆகவே அது இன்றியமையாதது. ஆனால் ஆழத்தில் வைக்கப்பட்டதை அது எட்டாது. ஆகவே கழுவியபின் மருத்துவரிடமும் செல்ல வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே பாடம்.

இதனோடு மற்றொன்றையும் ஆசிரியர்கள் சொல்லித்தர வேண்டும். சிறுவர் சிறுமியர் கடியை மறைப்பது வலியில்லாமையால் அன்று, தண்டனைக்கு அஞ்சியே. பூனை கடித்ததைச் சொன்ன பிள்ளையைக் கடிந்துகொள்ளாத வீடும் பள்ளியும், மருந்துக்கு முன்னரே பாதிச் சிகிச்சையைச் செய்துவிட்டன. லோஹேகாவின் அந்தச் சிறுமி மாலை ஐந்து மணிக்கே வாய்திறந்து சொல்லியிருப்பாளாயின், பதினைந்து நிமிடக் கழுவலும், வைத்தியசாலைக்கு ஒரு நடையும், சில நாள் மருந்தும், முறைப்படி தடுப்பூசியுமே தேவைப்பட்டிருக்கும். விடிந்தபின் சொல்பவளுக்கோ அறுவைச் சிகிச்சையும் வேண்டியிருக்கலாம்.